எட்டுப் பத்து பஸ்

பஸ் நிறுத்தத்தில் எப்போதோ நின்றுபோன பழைய கடிகாரத்தைக் கழற்றச் சொல்லி உத்தரவு. மெக்கானிக் ஏணியில் ஏறி, அதன் இயந்திரத்தை முழுசாக உருவிப் பையில் போட்டார். எட்டுப் பத்து பஸ்ஸின் டிரைவர், "பார்த்துண்ணே, விழுந்துடாதீங்க!" என்று சிரித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

எட்டே காலுக்கு மெக்கானிக்கின் மகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். ஒன்பது மணிக்கு அவளுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு.

"பஸ் போயிடுச்சாப்பா?"

"மகாராணி தலை வாரி முடிக்கிற வரைக்கும் நிக்குமா?" என்றவர் நிமிர்ந்தார். வெற்றுக் கடிகாரத்தில் மணி எட்டு எட்டு. விநாடி முள் ஓடிக்கொண்டிருந்தது.

தெருமுனையில் அதே பஸ் திரும்பியது. மகள் தாவி ஏறிக்கொண்டாள்.

"பார்த்துண்ணே, விழுந்துடாதீங்க!" என்று அதே டிரைவர் சிரித்தார்.

மெக்கானிக் கடிகாரத்தின் மூடியை மெல்லச் சாத்தித் திருகினார். அலுவலகத்தில், 'பழுது ஏதுமில்லை' என்று எழுதிக் கொடுத்தார்.

இயந்திரம் இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது.