ஞாயிற்றுக்கிழமை அக்கா

"இன்னிக்கும் லீவு கிடையாதாம். மேடம் வீட்டுக்கு விருந்தாளி வராங்களாம்."

நெனிட்டா கைபேசியை நீட்டினாள். தோழி லுஸ்விமிண்டா அனுப்பிய செய்தி. கீழே ஒரு வரிசை அழுமூஞ்சிப் படங்கள்.

ரெமெடியோஸுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மூணு வாரமா இதே கதை! அந்த குவோக் பொம்பளை வீட்டு விருந்தாளிங்களுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பசிக்குமா?"

ஹாங்காங்கின் சட்டம் பணிப்பெண்களுக்கு வாரத்தில் ஒரு 'ஓய்வு நாள்' தருகிறது; பெரும்பாலும் அது ஞாயிறு. அதை எழுதியவர்கள் ரெமெடியோஸைப் பார்த்ததில்லை. தேவாலயத்தில் காலைப் பூசை, அது முடிந்த கையோடு சேட்டர் சாலையில் நடனப் பயிற்சி, பிறகு பணிப்பெண்கள் சங்கத்தின் கூட்டம், அதில் ஒரு சொற்பொழிவு, நடுவில் நெனிட்டாவின் தலைக்குச் சாயம். எல்லாம் முடித்து இப்போதுதான் நடைமேம்பாலத்தின் நிழலில், பிலிப்பைன்ஸின் இலோய்லோ ஊர்க்காரிகளின் வழக்கமான இடத்தில், விரித்த அட்டைமேல் உட்கார்ந்து ஒரு வாய் நூடுல்ஸ் எடுத்திருந்தாள்.

"விடு அக்கா. முதல்ல சாப்பிடு," என்றாள் நெனிட்டா, சாயத் தலையைச் சுற்றிய பிளாஸ்டிக் பையோடு.

"எப்படி விடுறது? ஊருக்கு அனுப்புற பெட்டியெல்லாம் ஏத்திக்கிட்டு நாலு மணிக்கு லாரி போயிடும். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஊர் போய்ச் சேர்ற கடைசிக் கப்பல் இதுதான். வருஷம் பூரா பாத்துப் பாத்துச் சேத்து வெச்சிருக்கா. சோப்பு, டின் மாட்டிறைச்சி, பொண்ணுக்கு ஷூ. இதை விட்டா பிப்ரவரியிலதான் போகும். அதுவரைக்கும் குழந்தையோட கால் வளராம காத்திருக்குமா?"

"நீ என்ன பண்ண முடியும்?"

ரெமெடியோஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்தாள்.

"ஐயோ, அந்த மேடத்துக்கா போடுற? அவ வேலைக்கு உலை வெச்சிடாதே அக்கா!"

ரெமெடியோஸின் கான்டனீஸ் மொழி மீன் சந்தையில் கற்றது. இலக்கணம் குறைவு; காரியம் நடக்கும்.

"மிஸஸ் குவோக்கா? லுஸ்விமிண்டாவை எப்ப வெளியே விடப் போறீங்க?"

"யாரு நீ?"

"அவ அக்கா."

"அவளுக்கு அக்காவே கிடையாதே!"

"ஞாயித்துக்கிழமையில நான்தான் அக்கா."

"இதோ பாரு, வீட்டுக்கு ஆள் வராங்க. சமைக்க வேணாமா? அடுத்த வாரம் போகட்டும்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. வாரத்துல ஒரு நாள் அவளுக்குச் சொந்தம் மேடம். நீங்க போடுற பிச்சை இல்ல, சட்டம். உங்க ரைஸ் குக்கருக்குக்கூட ஸ்விட்ச் இருக்கு, அணைச்சு வைக்கிறீங்க. அவ மனுஷி. இப்பவே அவளை அனுப்பலைன்னா, நாளைக்குக் காலையில தொழிலாளர் அலுவலகம் திறக்கிறப்ப வாசல்ல நான் நிப்பேன். சங்கத்து ஆளுங்களும் வருவாங்க. எங்களுக்கெல்லாம் நல்ல தொண்டை."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

"போச்சு," என்றாள் நெனிட்டா. "நாளைக்கு அவளையே பெட்டி கட்டி அனுப்பிடப் போறாங்க."

ரெமெடியோஸ் சாப்பாட்டைத் தொடவில்லை. நேரே லாரியிடம் போனாள். பெட்டிகள் கிட்டத்தட்ட ஏற்றியாகிவிட்டன.

"தம்பி, இன்னும் ஒரு பெட்டி வரணும்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க அக்கா."

"எல்லாரும் லாரிக்கு முன்னாடி படுப்பாங்களா? நான் படுப்பேன்."

லாரிக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். செய்யக்கூடியவள்தான் என்று தோன்றியிருக்க வேண்டும். சிகரெட் பற்ற வைத்தார்.

அது பாதி கரைவதற்குள் நெனிட்டா கத்தினாள்.

"அக்கா! அங்கே பாரு!"

இடுப்புயரப் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து, சரிவில் ஓட்டமாக வந்துகொண்டிருந்தாள் லுஸ்விமிண்டா. சமையல் ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை.

"விட்டுட்டாங்கக்கா! 'போ, போய்த் தொலை'ன்னாங்க! ராத்திரிக்கு வந்தாப் போதுமாம்!"

"விருந்தாளிங்களுக்கு?"

"ஓட்டல்ல சொல்லிட்டாங்க!"

மேம்பாலமே கைதட்டியது. லாரிக்காரர் பெட்டியை ஏற்றிக் கதவைச் சாத்தினார். லாரி திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்த லுஸ்விமிண்டா, ரெமெடியோஸின் தோளில் விழுந்து அழ ஆரம்பித்தாள்.

"நீ மட்டும் இல்லேன்னா..."

"சீ, கண்ணைத் துடை. ஒரு வேலைக்காரியோட லீவைப் பிடுங்குறவ திருடி. திருடிக்கு என்ன மரியாதை? எல்லாம் நாம பயப்படுறதால வர்றது. வாயைத் திறந்து கேட்டாத்தான் கிடைக்கும்."

சுற்றியிருந்தவர்கள் மறுபடி கைதட்டினார்கள்.

அப்போது ரெமெடியோஸின் போன் அடித்தது. இலோய்லோவிலிருந்து, வீடியோ அழைப்பு. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு திரையை நிறைத்தார்கள்.

"அம்மா, பெட்டி அனுப்பியாச்சா?"

"அனுப்பியாச்சு செல்லங்களா. சாப்பிட்டீங்களா? ஜோவலின் என்ன சமைச்சா?"

ஊரில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ரெமெடியோஸ் அமர்த்தியிருக்கும் பெண் ஜோவலின். அவள் தயங்கித் தயங்கித் திரைக்குள் வந்தாள். கை ஈரத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். வர்ற ஞாயித்துக்கிழமை எங்க கிராமத்துல மாதா திருவிழா. இங்க வந்ததிலேர்ந்து ஒரு நாள்கூட நான் வீட்டுக்குப் போகல. காலையில போயிட்டு ராத்திரியே வந்துடறேன். ஒரே ஒரு நாள் லீவு..."

ரெமெடியோஸ் வாய்விட்டுச் சிரித்தாள். உண்மையான பிரியத்தோடுதான்.

"லீவா? உனக்கு எதுக்குடி லீவு? நீ என்ன வேலைக்காரியா? எங்க வீட்டுப் பொண்ணுடி நீ!"