மூன்றாம் அறைக்குப் போகும் கீ

எந்தக் கீ எங்கே போகும் என்று வகுக்கும் டிரம் மேப்பை, கமலினி கணினியில் அவசரமாக மாற்றிக்கொண்டிருந்தாள். இசையமைப்பாளர் தில்லைராஜ் கீபோர்டில் அழுத்தும் ஒவ்வொரு கீயும் கீழ்த்தள அறை ஒன்றில் ஒருவன் மாட்டியிருக்கும் இயந்திரச் சட்டைக்குப் போகும். சட்டை அவனைக் குத்தும்; அவன் அலறல்தான் தாளம். கிக் டிரம் கீ போகும் மூன்றாம் அறையில் இருப்பவன் அவள் தம்பி சேந்தன். நேற்றே ரத்தம் கக்கிவிட்டான். இன்னொரு குத்து தாங்கமாட்டான்.

"என்ன தாயி, மேப் போடுறியா, கோலம் போடுறியா?"

தில்லைராஜ் அதே ரகச் சட்டையை மாட்டிக்கொண்டார். தாளத்தை உடம்பில் உணர வேண்டுமாம். அவரை மட்டும் அது மெல்லத் தட்டும்.

"முடிஞ்சுது சார். கிக் டிரம் பழைய கீதான்."

மேப்பைச் சரிபார்ப்பதெல்லாம் எடுபிடி வேலை என்பது அவர் எண்ணம்.

"உன் தம்பி இன்னிக்காவது சுருதியோட கத்தட்டும்," என்று கிக் டிரம் கீயை ஓங்கிக் குத்தினார்.

மூன்றாம் அறை அமைதியாக இருந்தது. தில்லைராஜ்தான் விலா நொறுங்கி, நாற்காலியோடு சரிந்து அலறினார். அந்தக் கீயை முழு விசையோடு அவர் சட்டைக்கே கொடுத்திருந்தாள் கமலினி.