கையை எடுக்கும்வரை

அறையில் இருந்தவர்கள் ஜெசிந்தா, கண்காட்சிக் காவலாளி சுடலை, வரிசையில் நின்ற ஒரு கணவன் மனைவி. திரையில், ஏதோ ஒரு நாட்டில் இதேபோன்ற சின்ன அறையில் ஒரு பெண். இரண்டு பக்கத்து ஆட்களும் திரையின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்திருக்கும்வரைதான் படம் தெரியும். சத்தம் வராது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டுதான் கையை வைத்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஆள் வந்து நின்றதும் சிரிப்பு போய்விட்டது. கையை எடுக்க வேண்டாம் என்று ஜெசிந்தாவிடம் தலையை ஆட்டினாள்.

“நேரமாச்சும்மா, கைய எடுங்க” என்றார் சுடலை.

“அண்ணே, அந்தப் பொண்ணு பயப்படுறா. யாருக்காவது போன் போடுங்க.”

“எந்த ஊருக்குன்னு போடுறது? எல்லாம் நடிப்பும்மா. நேத்து ஒருத்தி விழுந்து அழுதா, இங்க கைதட்டுனாங்க.”

“சூப்பரா பண்றா, இல்லங்க?” என்றாள் வரிசையில் நின்றவள் கணவனிடம்.

ஜெசிந்தாவின் கை வியர்த்து வழுக்கியது. இன்னும் அழுத்தினாள். படம் சட்டென்று அணைந்தது. மறுபடி வந்தபோது ஜெசிந்தாவின் உள்ளங்கைக்கு நேராக அந்த ஆளின் உள்ளங்கை இருந்தது. பின்னால் கைதட்டல் கேட்டது. அவன் ஜெசிந்தாவையே பார்த்தபடி, மறுகையால் அந்தப் பெண்ணைப் பக்கத்துக் கதவுக்குள் தள்ளி, சாத்திப் பூட்டினான்.