குலசிங்கத்தின் ஹோலில் ஒரு குழி

குலசிங்கத்தின் புதுவீட்டு ஹோலுக்கு நட்டநடுவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரரோ வேலிக்கு வெளியே நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். உள்ளே வரக்கூடாதாம்.

வீடு என்று இன்னும் ஒரு கல்கூட எழும்பவில்லை. கனடாவில், மோர்னிங்சைட் பக்கம் சோளம் விளைந்த வெறுங்காணி அது. வரைபடத்தைக் காட்டித்தான் விற்றார்கள். இங்கே ஹோல், அங்கே குசினி என்று குலசிங்கம் மனத்துக்குள்ளேயே கட்டி முடித்து, சித்திரை வருசப்பிறப்புக்குக் குடிபூரல் என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லியும் விட்டார்.

அத்திவாரம் வெட்டுமுன் பழங்காலத்துச் சாமான் ஏதும் புதைந்து கிடக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்று இங்கே சட்டமாம். தொல்பொருள் ஆராய்ச்சிக்காரர் வந்து காணி முழுக்க நீளநீளமாகக் கிடங்கு வெட்டினார்கள், ஒரு பானை ஓடுகூடக் கிடைக்கவில்லை. கடைசியில், அவருடைய காணித் துண்டில் மட்டும் ஏதோ அகப்பட்டது. அன்றோடு வேலை நின்றுபோனது.

டோர்செட் பார்க்கில் அவர்கள் இருந்தது இரண்டு அறை அப்பார்ட்மென்ட். அதற்குள் கொழும்பிலிருந்து வந்திறங்கிய தம்பி குடும்பமும் சேர்ந்துகொண்டது. காலையில் பாத்ரூமுக்கு வரிசை. தம்பியின் மனைவி கொண்டுவந்த பெட்டிகளை இன்னும் அவிழ்க்காமலே வைத்திருந்தாள்.

றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனாலும் நிம்மதியில்லை. "குடிபூரல் எப்ப அண்ணை?" என்று அர்ச்சனைத் தட்டோடு நிற்கிறவர்களும் கேட்டார்கள்.

மனைவி புனிதவதி மட்டும்தான் ஒன்றும் கேட்கவில்லை. வேலை தொடங்குமுன் காணியில் நாள் பார்த்து ஒரு பூசை செய்யச் சொன்னவள் அவள். கனடாவில் உதெல்லாம் ஆர் செய்கிறது என்று இவர் சிரித்துத் தட்டிவிட்டார். அதைச் சொல்லிக் குத்திக்காட்டுவாள் என்று எதிர்பார்த்தால், அதிசயமாக அவள் வாயே திறக்கவில்லை. இன்றைக்கும் கூட வந்தவள், குளிர் என்று சொல்லிக் காரிலேயே இருந்துவிட்டாள்.

குலசிங்கம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து இரக்கப்பட்டாளோ என்னவோ, குழிக்குள் நின்ற பெண் மேலே ஏறி வந்தாள். கிடைத்தது ஒரு கடல்சிப்பித் துண்டு என்றாள். கடல் இங்கிருந்து எவ்வளவு தூரம்! அந்தக் காலத்துச் சனம் அதை நடந்தே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று சொல்லும்போது அவள் முகம் மலர்ந்தது.

வீடு எப்போது என்று கேட்டார் குலசிங்கம். இப்படியொரு பொருள் தனியே கிடக்காது, சுற்றிவரத் தோண்டவேண்டும் என்றாள். நிலம் உறைந்துவிட்டால் பனி கரைந்த பிறகுதான் மிச்சம். எப்படியும் இன்னொரு வருசம் ஆகுமாம்.

அவளைத் திட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. திரும்பி வந்து காருக்குள் ஏறிய வேகத்தில் கதவை அறைந்து சாத்தினார்.

"இன்னும் ஒரு வருசமாம். ஒரு துண்டுக் கடல்சிப்பிக்கு இவ்வளவு கூத்து. எந்த விசர்ச் சனம் கொண்டுவந்து எங்கடை காணிக்குள்ளை குழி வெட்டித் தாட்டதோ தெரியேல்லை."

புனிதவதி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், திரும்பவும் சுற்றினாள்.

"நான்தான் தாட்டனான்" என்றாள். "வீடு கெதியா எழும்போணும் எண்டு ஐயர் ஓதித் தந்த சங்கு அப்பா அது."