துருவுக்கு மருந்து

“மூணு மாசம்! ஒருத்திகூட உண்டாகல!”

மூக்காயி மருந்து டப்பாவை மேசையில் ஓங்கி அடித்த அடியில் தராசுத் தட்டு ஆடியது. பலாங்கொடை பஸாரில் மாட்டுத் தீவனமும் கால்நடை மருந்தும் விற்கும் சுந்தரலிங்கம் எழுந்தே நின்றுவிட்டார். வாசலில் ஒரு கிடாவைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றார் அவள் புருஷன் காத்தமுத்து.

“மெதுவா பேசுங்க அக்கா. கடையில ஆளுங்க நிக்குறாங்க.”

“நிக்கட்டும், கேக்கட்டும்! என் கெடா ஒரு தரம் ஏறுனா ரெண்டு குட்டின்னு தோட்டத்து மூணு டிவிசன்லயும் பேரு. இப்ப பன்னெண்டு ஆடு வந்துச்சு, பன்னெண்டும் வெறும் வயித்தோட திரும்பிப் போச்சு. என்ன மருந்து மொதலாளி குடுத்தீங்க?”

சுந்தரலிங்கம் டப்பாவைத் தூக்கி, எழுத்துத் தெரியும்படி அவள் பக்கம் திருப்பி வைத்தார். “மருந்து மேல பழி போடாதீங்க. வைட்டமின் ஈ, வைட்டமின் சி, செலினியம். வெயில்லயும் அலைச்சல்லயும் கெடாவோட வித்து துருப்பிடிச்ச மாதிரி ஆயிரும். அந்தத் துருவ தடுக்குற சாமான் இது. நான் சொன்னதில்ல, படிச்சவங்க சொன்னது.”

“துருப்பிடிக்க அது என்ன கூரைத் தகரமா? என்னையப் பாத்தா பிஸ்ஸு புடிச்சவ மாதிரியா தெரியுது?”

காத்தமுத்து தொண்டையைச் செருமினார். “மூக்காயி, நான் ஒண்ணு சொல்ல…”

“நீங்க சும்மா இருங்க!”

அவர் சும்மா இருந்தார். முப்பது வருடப் பழக்கம்.

“நேத்து கொழுந்து நிறுக்குற எடத்துல என் சம்பந்தி இராஜம் என்ன சொன்னா தெரியுமா?” மூக்காயியின் குரல் உடைந்து, உடைந்த வேகத்திலேயே மறுபடி ஏறியது. “அவளோட ரெண்டு ஆடும் சும்மாதான் போச்சு. ‘கெடா மட்டும்தான் இப்படியா, அந்த வீட்டு ஆம்பளைங்களும் இப்படியான்னு என் மகக்கிட்ட கேக்கணும்’ங்கிறா. அத்தன பேரும் சிரிச்சாளுக. என் மவன் பிரதீபன் கல்யாணமாகி இன்னும் நாலு மாசம்கூட முடியல மொதலாளி!”

“சரி விடுங்க. டப்பாக் காசத் திருப்பித் தந்துர்றேன்.”

“காசு யாருக்கு வேணும்? நீங்க தோட்டத்துக்கு வரணும். அவ மூஞ்சிக்கு முன்னாடி நின்னு, ‘கெடா நல்ல கெடா, என் மருந்துதான் மோசம்’னு சொல்லணும்.”

காசைத் திருப்பிக் கேட்டால் பத்து வழியில் சமாளிக்கத் தெரிந்தவர் சுந்தரலிங்கம். பேரைத் திருப்பிக் கேட்டால் எந்த மேசை லாச்சியைத் திறப்பது? அவருக்கும் ரோஷம் வந்தது. விறுவிறுவென்று வாசலுக்கு வந்து கிடாவின் முதுகில் தட்டினார்.

“கண்ணத் தொறந்து பாருங்க! ரோமம் மினுமினுங்குது. ஒடம்பு ரெண்டு பங்கு ஏறியிருக்கு. முந்தி ஒருக்கா இதைக் கொண்டாந்தப்ப கடை முழுக்க வீச்சம், நீங்க போன பொறகு ரெண்டு வாளி தண்ணி ஊத்தினேன். இப்ப மோந்து பாருங்க, பால்குட்டி தோத்துச்சு! எல்லாம் யார் செஞ்ச வேலை? இந்த வைட்டமின் செஞ்ச வேலை!”

“இல்ல மூக்காயி, வீட்டுக்குப் போயி…” என்றார் காத்தமுத்து.

“வாய மூடுங்கன்னேன்ல!”

எதிர்ப்புறம் தன் காரில் ஏறப்போன கால்நடை வைத்தியர் நஸ்லினைக் கண்டதும் சுந்தரலிங்கத்துக்குத் தெம்பு வந்துவிட்டது. “டொக்டர் மிஸ்! ஒரு நிமிசம் இங்க வாங்க. கோளாறு மருந்துலயா, கெடாவுலயா? நீங்களே சொல்லிட்டுப் போங்க.”

“ஆமா, சொல்லட்டும்! இன்னைக்கி உங்க கடை நாறப்போகுது” என்று மூக்காயி முந்தானையை இழுத்துச் செருகினாள். காத்தமுத்து மட்டும் பஸ் வரும் திசையைப் பார்த்தார்.

நஸ்லின் வீதியைக் கடந்து வந்தார். கிடாவைத் தொடக்கூட இல்லை. காத்தமுத்துவைப் பார்த்துச் சிரித்தார்.

“அட, நீங்களா ஐயா! காயடிச்சு நாலு மாசம் இருக்குமே? கிடுக்கியால நசுக்கினதுதானே, வெட்டின தழும்புகூட இருக்காது. நல்லா கொழுத்திருக்கு.”

சுந்தரலிங்கம் டப்பாவை மெல்லத் தன் பக்கம் இழுத்து, துண்டால் துடைத்து அலமாரித் தட்டில் வைத்தார்.

மூக்காயி புருஷன் பக்கம் திரும்பினாள். ‘நீங்க’ எங்கேயோ போய்விட்டது. “யோவ்! யாரக் கேட்டுய்யா என் கெடாவுக்குக் காயடிச்ச?”

முப்பது வருடத்தில் முதல் தடவையாகக் காத்தமுத்து ஒரு பேச்சை முழுசாகச் சொல்லி முடித்தார்.

“கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டாளுங்க வர்றாங்க, இந்த வீச்சத்துக்கு ஏதாச்சும் பண்ணித் தொலைங்கன்னு நீதானே புள்ள சொன்ன?”