அம்மா வேஷம்

“உன்னைப் பெத்த வயித்துல பிரண்டையை வெச்சுத்தான் கட்டிக்கணும்! ஈர டவலைக் கட்டில் மேல போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? காது என்ன அழகுக்கா மாட்டியிருக்கு?”

கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்த அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வசனம் அவளுடையது. இடுப்பில் வைத்த கையும் ஆட்டுகிற விரலும்கூட அவளுடையதுதான். பேசிக்கொண்டிருந்தது அவள் பெற்ற பதின்மூன்று வயது மகள்.

எதிரே ரெட்டை ஜடை போட்ட ஒரு பெண் தலையைக் குனிந்து திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஓரமாக நின்ற ஆலோசகர் தடுக்கவும் இல்லை.

வகுப்பில் ஒருத்தியின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி உடைத்த பிறகு, பள்ளிக்கூடத்தில் சொல்லித்தான் மகளை இங்கே சேர்த்திருந்தாள். கோபம் தலைக்கேறினால் என்ன செய்வது, அழுகை முட்டினால் எப்படி மூச்சு விடுவது, சண்டை போட்டவர்களோடு எப்படிச் சேர்வது என்று வளர்கிற பிள்ளைகளுக்குப் பழக்கித் தருகிற இடம். “நீச்சல் மாதிரிதாங்க, பழகினா வந்துடும்” என்று ஆலோசகர் சொன்னதை அம்மாவும் நம்பினாள்.

பழக்குகிற லட்சணம் இதுதானா?

அம்மாவுக்கு போன் கம்பெனியில் வேலை, புகார் கேட்கும் பிரிவில். காது கிழியத் திட்டுகிறவர்களிடமும் “மன்னிக்கணும் சார், சிரமத்துக்கு வருந்துறோம்” என்று தேன் ஒழுகப் பேசுவாள். அங்கே விழுங்கியதையெல்லாம் வீட்டுக்கு வந்து கொட்டுவாள். அந்த ‘மன்னிக்கணும்’ மட்டும் வீட்டுப் படி ஏறியதே இல்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்த குற்றத்தை ஊர் சிரிக்க நடித்துக் காட்டினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“பையை எடுடி. போதும் நீ இங்க கத்துக் கிழிச்சது.”

மகளின் கை இடுப்பிலிருந்து தானாக இறங்கியது. “அம்மா... இது வந்து...”

“என் மானத்தை வாங்கறதுக்கா அரைநாள் லீவு போட்டுட்டு உன்னைக் கூட்டிட்டு வரேன்? நீங்களும் நின்னு வேடிக்கை பாக்கறீங்களே மேடம்!”

“பாதியில வந்துட்டீங்கம்மா” என்றார் ஆலோசகர். “சண்டைக்கு அப்புறம் சமாதானம் ஆகறது எப்படின்னு இன்னிக்குப் பயிற்சி. ஒருத்தர் அம்மாவோ அப்பாவோ ஆகணும், இன்னொருத்தர் பிள்ளை.”

“சமாதானமா? இவ ரசிச்சு ரசிச்சுல்ல திட்டிட்டிருக்கா!”

ரெட்டை ஜடைக்குப் பொறுக்கவில்லை. “ஆன்ட்டி, முதல்ல நான்தான் நீங்க. இவ இவளாவே இருந்தா. நான் நல்லாத்தான் திட்டினேன். திட்டி முடிச்சதும் போய் உக்காந்துட்டேன். அது தப்புன்னுட்டா. ‘எங்கம்மா மாதிரி உனக்கு வரலை, நான் செஞ்சு காட்டறேன், பாத்துட்டு அதே மாதிரி செய்’னு என்னை எழுப்பி நிறுத்திட்டா.”

“திட்டறதுல கூட எங்கிட்ட தனி ரகம் கண்டுபிடிச்சிட்டியாடி?” என்றாள் அம்மா. கோபத்தை முந்திக்கொண்டு குரல் உடைந்தது.

மகள் தரையைப் பார்த்தாள். பதிலுக்குக் கத்தவில்லை. வயிறு உப்ப ஒரு மூச்சை இழுத்து மெதுவாக விட்டாள்.

“திட்டினதெல்லாம் சரியாத்தாம்மா இருந்தது. அதுக்கப்புறம்தான் தப்பு. நீ அவளை மாதிரி போய் உக்கார மாட்டே. என் ரூம் கதவுக்கு வெளியில வந்து நிப்பே. தட்டவும் மாட்டே, போகவும் மாட்டே. மூக்கை உறிஞ்சற சத்தம் மட்டும் கேக்கும்.”

அது தன் ஒருத்திக்குத்தான் தெரியும் என்று அம்மா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

மகள் இன்னொரு மூச்சை இழுத்து விட்டாள்.

“நானும் உள்பக்கம் கதவுகிட்டதான் நிப்பேன்மா. திறக்கத்தான் கை வரமாட்டேங்குது. அதைப் பழகத்தான் இங்க வரேன்.”