சிரிக்கக் கூடாத இடம்

"எங்க கண்மாயை மூடி ஆலை கட்ட விடவே மாட்டோம்!"

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இருளாயி மைக்கில் கத்தியதும் பந்தலே அடங்கியது. மொழிபெயர்ப்பாளர் தயாளன் அதை வடநாட்டு அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னார், இருளாயி ஏதோ யோசனை தெரிவிப்பதுபோல மெதுவாக. அதிகாரி புன்னகையோடு தலையாட்டினார்.

இருளாயிக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தச் சிரிப்புதான் இடித்தது.

"நான் சொன்னதுக்கு அவரு சிரிக்கக் கூடாதே தம்பி. நீ என்னத்தச் சொன்ன?"

அவள் மேடையேறி மைக்கைத் தயாளனின் வாயருகே பிடித்தாள்.

"நான் போட்ட சத்தத்தையும் சேத்துச் சொல்லு."

தயாளன் குரலை உயர்த்தி மறுபடி சொன்னார். அதிகாரியின் சிரிப்பு அணைந்தது.

"இப்பச் சரியாச் சொல்லிட்ட."

மைக்கை அடுத்த ஆளிடம் நீட்டிவிட்டு, அதிகாரியின் முகத்தைப் பார்த்தபடி இருளாயி அங்கேயே நின்றுகொண்டாள்.